வெள்ளைக் கட்டங்கள்

அந்தப் படத்தை எத்தனை தடவை மாற்றி மாற்றி வரைந்தோம் என்பது ஷைஸ்தாவுக்கே மறந்துபோயிருந்தது. அவள் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மொத்தம் இரண்டே அறைகள். ஒன்றில் மேனேஜர் திருவேங்கடம். இன்னொன்றில் ஷைஸ்தாவும் அவள் லேப்டாப்பும், போன வருஷத்து பேனர்களும், நிற்கும்போது மட்டும் சத்தம் போடாத ஒரு ஃபேனும்.

தாராவியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வீடு கூரைக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டியிருந்தார்கள். ஏப்ரல் மாதம் முழுக்க அவை மத்தியான வெப்பத்தின் சராசரியை நாளுக்கு ஒரு தடவை ஆபீசுக்கு அனுப்பின. ஷைஸ்தா அந்த எண்களை வரிசையும் கட்டமுமாக ஓர் அணியாக அடுக்கினாள். ஒவ்வொரு வரிசையும் ஒரு கல்லி, அதாவது ஒரு சந்து. வரிசையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. வெறும் எண்களாகக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? அதனால் பைத்தான் என்ற கணினி மொழியில் படம் வரைகிற மென்பொருள் நூலகம் ஒன்றிடம் அந்த அணியைக் கொடுத்தாள். அது ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் அளவுக்கேற்ற நிறத்தைப் பூசிப் படமாக்கிக் கொடுத்தது. குறைந்த வெப்பத்துக்கு வெளிர்மஞ்சள். ஏற ஏற ஆரஞ்சு, சிவப்பு. உச்சத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. எந்த நிறம் எத்தனை டிகிரி என்று சொல்ல ஓரத்தில் ஒரு பட்டை. எல்லாம் ஒரே ஒரு வரிக் கட்டளைதான். அந்த ஒரு வரியைச் சுற்றியே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

திருவேங்கடத்துக்கு முதலில் நிறம் பிடிக்கவில்லை. பிறகு எழுத்து பிடிக்கவில்லை. பிறகு கட்டங்களின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது என்றார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவருடையது. முட்டிவலியோடு படியேறி வந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவரும் களைத்துப்போனவர்தான்.

படத்தில் ஏழு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. அந்த வீடுகளிலிருந்து எண்ணே வரவில்லை. எண் இல்லாத இடத்தில் அந்த நூலகம் நிறம் பூசாது. அடியில் இருக்கும் பக்கத்தின் வெள்ளை அப்படியே தெரியும். சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று ஷைஸ்தா நினைத்தாள். படத்துக்குக் கீழே, ‘வெள்ளை என்றால் தகவல் இல்லை’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டாள். ஸ்லைடில் இடம் போதவில்லை என்று திருவேங்கடம் அந்த வரியை எடுத்துவிட்டார்.

வார்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்த் திரும்பியவர், அன்றைக்கு மூச்சு வாங்காமலே பேசினார்.

“ஆபீசர் படத்தைப் பாத்தவுடனே புரிஞ்சுண்டுட்டார்ம்மா. ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கலை. ரொம்பச் சிவப்பா இருக்கற நாப்பது வீட்டுக்கும் மழைக்கு முன்னாடி கூரைல சூட்டைத் தடுக்கற அந்த வெள்ளைப் பெயிண்டை அடிச்சுடலாம்னுட்டார். மஞ்சளும் வெள்ளையும் ஏற்கெனவே ஜில்லுனு இருக்கே, அதுக்குத் தேவையில்லைன்னார்.”

“வெள்ளை ஜில்லுன்னு அர்த்தமில்ல சார். அங்க டேட்டாவே இல்ல.”

“தெரியும்மா. நல்ல மூட்ல இருந்தார், நான் ஒண்ணும் சொல்லலை. ஏழு வீடுதானே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

வாதாடுகிற தெம்பு ஷைஸ்தாவுக்கு இல்லை. சயான் பாலத்தை இடித்ததிலிருந்து வீடு போய்ச் சேர்வதே பெரிய பாடாக இருந்தது. சுற்றிக்கொண்டு நடந்து, கூட்டத்தில் இடிபட்டு, கல்லிக்குள் நுழையும்போது துப்பட்டா முழுக்க நனைந்திருக்கும். அவர்கள் வீடும் அந்தப் படத்தில் ஒரு கட்டம்தான். கீழே ஒருவர் தோல்பை தைக்கிறார். மேலே பத்ரா என்கிற தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் ஷைஸ்தாவும் அவள் கணவன் வாசிமும் மாமியார் ஆபிதாவும் இருந்தார்கள். வாசிம் ஏசி மெக்கானிக். கோடைக்காலம் முழுக்க மற்றவர்கள் வீட்டைக் குளிர வைத்துவிட்டு வருவான். ஆபிதாவுக்கு ரத்தக்கொதிப்பு. மத்தியானங்களில் தரையில் தண்ணீரைத் தெளித்து, அதன்மேல் பழைய சேலையை விரித்துப் படுத்துக்கொள்வாள். தகரத்தின் சூடு முகத்தில் இறங்காமல் இருக்க நெற்றியில் ஈரத்துணி.

பெயிண்ட் வரப்போகிற சேதியைச் சொன்னதும் ஆபிதா எழுந்து உட்கார்ந்தாள்.

“நெசமாத்தான் சொல்லுதியா? நம்ம வூட்டுக்கும் உண்டா?”

“உண்டு மாமி. நாப்பதுக்குள்ள வந்துட்டுது.”

ஆபிதா மறுநாளே கல்லி முழுக்கச் சொல்லிவிட்டாள். தன் மருமகள் கம்ப்யூட்டரில் போட்ட படத்தால்தான் வருகிறது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மே மாத நடுவில் சென்சார்களைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அவற்றை ஒட்டிய இசக்கிதுரை மஞ்சள்காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டான். வேறு ஆள் இல்லை. லேப்டாப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் துணிப்பையுமாக ஷைஸ்தாவே வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

வெள்ளைக் கட்டங்களில் ஒன்று மாரீஸ்வரியின் வீடு. கீழே பிளாஸ்டிக்கை உருக்கி மூடி வார்க்கிற பட்டறை. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மேலே அறை. முன்பகல்தான், ஆனாலும் ஏணிக்கம்பி கையைச் சுட்டது.

“துப்பட்டாவச் சுத்திப் பிடிச்சிட்டு ஏறுங்கக்கா,” என்று மேலிருந்து குரல் வந்தது.

மாரீஸ்வரிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஆறேழு மாதக் குழந்தை. அதன் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு படர்ந்து, சொரிந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. கணவன் வேல்ராஜ் மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் தோசைக்கல் பக்கம் நிற்கிறானாம். ஒரு கையால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உடனே கிளம்பப் போகிறவள் மாதிரி, பால்புட்டியும் துணிகளும் வைத்த ஒரு பை வாசலில் தயாராக இருந்தது.

“இந்த டப்பாவ எடுத்துட்டுப் போகவா வந்திய? இது வேல செஞ்சுதாக்கா?”

“கெட்டுப்போச்சுன்னு நெனைக்கேன். மத்தியானத்துல ஒண்ணுமே அனுப்பல.”

“மத்தியானத்துல நாங்களே இங்க இருக்க மாட்டோமே.” மாரீஸ்வரி சிரிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “வெயில் ஏறுனா பிள்ளையத் தூக்கிட்டு எறங்கிருவேன். பெரியாஸ்பத்திரி ஓபிடில போயி உக்காந்துக்கிடுவோம். சீட்டு வாங்குன மாரி உக்காந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஃபேனு இருக்கு. அஞ்சு மணிக்கு மேலதான் வருவோம். அப்பவும் தண்ணியத் தொட முடியாது, டிரம்முல கொதிச்சுக் கெடக்கும்.”

ஷைஸ்தா ஸ்டூலில் ஏறி சென்சாரைத் தொட்டாள். பசை உருகி வழிந்து உறைந்திருந்தது. பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அதைப் பிய்த்துப் பையில் போட்டாள். தலைக்கு ஒரு சாண் மேலே தகரம். அந்தச் சில நிமிஷத்திலேயே காதோரம் வியர்வை ஓடிற்று.

“கூரைக்கு வெள்ளைப் பெயிண்டு அடிக்கப் போறாவளாம்ல,” என்றாள் மாரீஸ்வரி. “எங்களுக்கும் உண்டாக்கா?”

“தெரியல. கேட்டுச் சொல்லுதேன்,” என்றாள் ஷைஸ்தா. அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஆபீசில் அந்த வளைந்த சென்சாரை லேப்டாப்பில் சொருகினாள். ஆபீசுக்கு வந்தது நாளுக்கு ஓர் எண்தான். ஆனால் மணிக்கு மணி எடுத்த அளவெல்லாம் சென்சாருக்குள்ளேயே பதிந்திருக்கும். கெட்டுப்போனது எந்தத் தேதியில் என்று பார்த்துக் குறித்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தாள். எண்களைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் அவற்றையும் ஓர் அணியாக்கினாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, ஒரு மணிக்கு ஒரு கட்டம். அதே கட்டளை, அதே நிறங்கள்.

படம் வந்தது. சென்சார் கெட்டிருந்தால் ஏதோ ஒரு தேதிக்குக் கீழே முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. எல்லா நாளிலும் விடிகாலை மஞ்சளாக இருந்தது. எட்டு மணிக்கு ஆரஞ்சு. பத்துக்குச் சிவப்பு. பதினொன்றுக்கு, ஓரத்துப் பட்டையின் உச்சியில் இருக்கும் கருஞ்சிவப்பு. அதற்குப் பிறகு வெள்ளை. மத்தியானம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒரே வெள்ளைப் பட்டையாக. சாயங்காலம் அது மறுபடி கருஞ்சிவப்பில் தொடங்கி மெல்ல மெல்ல மஞ்சளுக்கு இறங்கிற்று.

ஷைஸ்தா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அந்தச் சென்சாரின் குறிப்புத்தாளை இணையத்தில் தேடி எடுத்தாள். ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் பேட்டரி வெடிக்காமல் இருக்க அது தானாகவே நின்றுவிடும். சூடு தணிந்ததும் மறுபடி ஓடும். அவ்வளவுதான் விஷயம். எண் இல்லாமல் போனது சென்சார் கெட்டதால் இல்லை. அளக்கிற எல்லையையே அந்தச் சூடு தாண்டிவிட்டது. ஆபீசர் ஜில்லென்று இருப்பதாக நினைத்த வீடுகள்தான் இருப்பதிலேயே கொதிக்கிற வீடுகள்.

மற்ற ஆறு வெள்ளை வீடுகளின் சென்சார்களையும் வரிசையாகச் சொருகிப் பார்த்தாள். ஐந்தில் அதே வெள்ளைப் பட்டை. ஒன்று மட்டும் உண்மையிலேயே கெட்டது. முதல் வாரத்தோடு நின்றிருந்தது.

எண் இல்லாத கட்டத்துக்கு என்ன நிறம் பூச வேண்டும் என்று அந்த நூலகத்திடம் நாமே சொல்லலாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவள் அந்த ஆறு வீடுகளுக்குக் கறுப்பைக் கொடுத்தாள். நிஜமாகவே கெட்டதற்குச் சாம்பல். ஓரத்துப் பட்டையின் தலைக்கு மேல், ‘ஐம்பத்தைந்துக்கு மேல்’ என்று ஒரு கறுப்பு முக்கோணமும் சேர்த்தாள். பிறகு வெப்பப்படி வீடுகளை மறுபடி வரிசைப்படுத்தினாள். ஆறு வீடு மேலே ஏறினால் நாற்பதின் கீழேயிருந்து ஆறு வீடு இறங்க வேண்டும். இறங்குகிற ஆறையும் பார்த்தாள். நான்காவது அவர்கள் வீடு.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே போய் டீ குடித்தாள். இரண்டாவதும் குடித்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. திருவேங்கடமே அடுத்த வருஷம் என்று சொல்லியாகிவிட்டது. ஆபீசர் ஒப்புக்கொண்டாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; மாமி நெற்றியில் ஈரத்துணி இல்லாமல் ஒரு மத்தியானமாவது தூங்குவாள். ஷைஸ்தாவுக்கு மாரீஸ்வரிமேல்கூட ஒரு கணம் எரிச்சல் வந்தது. அந்தப் பையை ஏன் வாசலில் வைத்திருந்தாள்? ஓபிடியில் உட்கார்ந்திருப்பதை ஏன் என்னிடம் சொன்னாள்? எரிச்சல் தீர்ந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை, அசதி மட்டும்தான் இருந்தது. அந்த அசதியோடே படியேறிப் போய் லேப்டாப்பைத் திருவேங்கடத்தின் மேஜைமேல் வைத்து இரண்டு படங்களையும் காட்டினாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் அங்க போய் என்னம்மா சொல்லுவேன்? போன வாரம் காட்டினது தப்புன்னா?”

“எண்ணெல்லாம் சரிதான் சார். வெள்ளைய நாம படிச்சதுதான் தப்பு.”

“நாமன்னு சொல்றே. அந்த வரியை எடுத்தது நான்.” கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “பெயிண்ட் காண்ட்ராக்டர்கிட்ட வீட்டு நம்பரெல்லாம் கொடுத்தாச்சு. இப்பப் போய் ஆறை எடு, ஆறைப் போடுன்னா அவர் கத்துவார்.”

“கத்தட்டும் சார்.”

திருவேங்கடம் புதிய படத்தை விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். “இது உங்க கல்லியோன்னோ? உங்காம் லிஸ்டை விட்டு வெளியில போறதே.”

“ஆமா சார்.”

அவர் ப்ரிண்ட் எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை கறுப்புக்கு அர்த்தம் சொல்லும் வரியைப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

வார்டு ஆபீசுக்கு இரண்டு பேரும் போனார்கள். வெளியே பெஞ்சில் பாதி நாள் போயிற்று. கடைசியில் உள்ளே கூப்பிட்ட ஆபீசர் படத்தைப் பார்த்ததும் ஹிந்தியில் கேட்ட முதல் கேள்வி, போன வாரம் வெள்ளையாக இருந்தது இந்த வாரம் எப்படிக் கறுப்பானது என்பது. திருவேங்கடம் விளக்க ஆரம்பித்து இடையில் திணறினார். ஷைஸ்தா மணிக்கு மணி வரைந்த அந்த இரண்டாவது படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை விரலை வைத்து நகர்த்திக் காட்டினாள்.

“இந்த வெள்ளை இருக்கிற நேரத்துல அந்த வீட்டுல யாரும் இல்ல சார்,” என்று ஹிந்தியில் சொன்னாள். “கைக்குழந்தையோட ஆஸ்பத்திரியில போய் உட்காந்திருக்காங்க. நோய்க்காக இல்ல, ஃபேனுக்காக.”

ஆபீசர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலும் ஏதாவது இருக்குமோ என்கிற மாதிரி. நாற்பதுக்கு மேல் ஒரு டப்பா பெயிண்ட்கூடக் கிடைக்காது என்றார். மாற்றுவதானால் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள், இனிமேல் புதுப்படம் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்றார். கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில், தாதரில் ரயிலேறப் போகுமுன் திருவேங்கடம், “ஆத்துல என்ன சொல்லப்போறே?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் ஆபிதா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஷைஸ்தா செருப்பைக் கழற்றியதும், நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். ஆபிதாவின் கை நின்றது.

“நீயே போயி நம்ம பேர எடுத்துட்டு வந்தியா?”

“அந்த ஆறு வூட்டுலயும் நம்மள விடச் சூடு மாமி. ஒரு வூட்டுல கைப்பிள்ள இருக்கு, ஒடம்பெல்லாம் வேர்க்குரு.”

“சூடு எனக்குத் தெரியாதாளா? பதினெட்டு வயசுலேர்ந்து இந்தத் தகரத்துக்கு அடியில கெடக்கேன்.” குரல் உயரவில்லை. “அவளுக்குக் குடுத்தது தப்புன்னு சொல்ல வரல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? கல்லி பூராச் சொல்லி வெச்சிருக்கேனே.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய?”

“என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா கேக்கணும்ல.”

மாமி சொன்னது நியாயம்தான். வார்டு ஆபீசருக்கு விரலை நகர்த்தி நகர்த்தி விளக்கியவளுக்கு, தினமும் அந்தத் தகரத்தின் அடியில் படுத்துக் கிடக்கிறவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வாசிம் வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஆபிதா அவளிடம் தேவைக்குமேல் பேசவில்லை. டீயை மட்டும் வழக்கம்போல ஆற்றி வைத்தாள்.

மே கடைசியில் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து, அளந்து பார்ப்பதற்காகப் புது சென்சார் ஒன்றோடு ஷைஸ்தா அந்த ஏணியில் மறுபடி ஏறினாள். மத்தியான எண் வந்தது. ஐம்பத்தொன்று. அதாவது அந்தக் கட்டத்துக்கு இப்போது ஒரு நிறம் உண்டு: கருஞ்சிவப்பு. கீழே பட்டறை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. மேலே மட்டும் வெள்ளையடித்தால் எவ்வளவு குறையும்?

“முன்னுக்கு இப்பம் பரவால்லக்கா,” என்றாள் மாரீஸ்வரி, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. “ஓபிடிக்குப் போகாம இருக்க முடியல. ஆனா மூணு மூணரைக்கெல்லாம் வந்துருதோம்.” குழந்தையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். பொருக்கு உதிர்ந்த இடங்களில் தோல் வெளுத்துத் தெரிந்தது. கழுத்தில் புதிதாகச் சில.

திருவேங்கடத்திடம் அந்த எண்ணைச் சொன்னபோது, “இறங்கியிருக்கோன்னோ, அதைப் போடு,” என்றார். ஷைஸ்தா போட்டாள். முன்னும் பின்னும் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவுப்பட்டையைக் கொடுத்தாள். இரண்டாவதன் பட்டையை மட்டும் இன்னும் மேலே நீட்டியிருந்தால் அந்தப் படம் இன்னும் குளுமையாகத் தெரிந்திருக்கும். அவர் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கல்லி முழுக்கக் கூரைகளில் நீலப் பிளாஸ்டிக் ஏறத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வாசிம் ஒரு ஏசியைப் பார்க்க தாணேவுக்குப் போய்விட்டான். காற்று வேகம் பிடித்தபோது ஆபிதா மடித்து வைத்திருந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கூரைமேல் ஏற ஆரம்பித்தாள். ஷைஸ்தா ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள். தகரம் இன்னும் சுட்டது. இரண்டு பேரும் செருப்போடு குனிந்து நின்று விரித்தார்கள்.

“அந்தப் பிள்ளைக்கு வேர்க்குரு எப்படி இருக்கு?” என்று ஆபிதா கேட்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

“கொஞ்சம் காஞ்சிருக்கு மாமி. கழுத்துல மறுபடி வருது.”

“முல்தானி மட்டி கொழச்சுப் போடச் சொல்லு. பவுடரு போட்டா அடச்சுக்கிடும்.” கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். காற்று பாயைத் தூக்கி அடித்தது. “பராக்குப் பாக்காதளா. அந்த மூலைய இழுத்துப் பிடி, பறந்துரும்.”

ஷைஸ்தா மண்டியிட்டு மூலையை இழுத்துப் பிடித்தாள். ஆபிதா செங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள்.